பெங்களூரில் பையரைச் சந்திக்க ஓட்டல் பிடிப்பது எப்படி?

பையரை, அதாவது நம் சரக்கை வாங்குபவரைச் சந்திக்கப் போகும் நமக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர்தான். வண்டி நெரிசலில் ஊர்வது சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டிய பிறகு. அதனால் எத்தனை ஸ்டார் என்று பார்க்குமுன் பையர் எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்று கேளுங்கள். விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி வடக்குக் கோடி. நாம் நுழைவது தெற்கிலிருந்து. எம்.ஜி. ரோடு, ரெசிடென்சி ரோடு வட்டாரம் இருவருக்கும் நடு. தும்கூர் ரோட்டில் பிஐஇசி என்ற கண்காட்சி வளாகத்துக்குப் போகிறவர்கள் மட்டும் யஷ்வந்த்பூர் பக்கம் தங்கலாம்.

லாபியின் அழகில் மயங்க வேண்டாம். மஞ்சள் விளக்கை மங்கலாக எரியவிடுவதுதான் இப்போது ஸ்டைல். மாம்பழக்கூழ் வியாபாரிக்கும் கிரானைட்காரருக்கும் அதுவே வினை. பர்கூர் பாரடைசோ கிரானைட்டின் ஊதா நிறம் அந்த வெளிச்சத்தில் பழுப்படிக்கும். கூழின் நிறத்தையும் சரியாகப் பார்க்க முடியாது. ஜன்னல் உள்ள மீட்டிங் ரூம் உண்டா, திரையை முழுதாக விலக்க முடியுமா என்று கேட்டு, பகலில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கல் சாம்பிள் இருந்தால் மேஜைமேல் விரிக்கக் கனத்த துணியும் கேளுங்கள். கண்ணாடி மேஜையில் கீறல் விழுந்தால் பில் நம் தலையில்தான்.

அறையில் பார்க்க வேண்டியது மேஜை. வட்டமான காபி டேபிளைப் போட்டுவிட்டு 'ஒர்க் டெஸ்க்' என்று எழுதும் ஓட்டல்கள் உண்டு. முழங்கால் உள்ளே போகிறதா, பிளக் கைக்கெட்டுகிறதா என்று படத்திலேயே தெரியும். மெயின் ரோட்டைப் பார்க்காத அறையாக, லிஃப்டிலிருந்து தள்ளி இருப்பதாகக் கேளுங்கள்.

விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் 8 மணிக்குள் போய் நிற்பீர்கள். செக்-இன் பெரும்பாலும் மதியம் 2 மணிக்கு. 'காலையிலேயே ரூம் வேண்டும்' என்று முன்கூட்டியே மெயில் போட்டு, கட்டணம் உண்டா என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். டிரைவர் தங்க இடமும் சாப்பாடும் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இரவெல்லாம் வண்டியில் முடங்கியவர் மறுநாள் ஓட்டுவது ஆபத்து.

கணக்கில் கோட்டை விடுவது ஜிஎஸ்டியில். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. அதாவது 7,500 ரூபாய் அறை 7,875-இல் முடியும். 7,600 ரூபாய் அறை 8,968 ஆகிவிடும். நூறு ரூபாய் குறைத்துக் கேட்க வேண்டிய இடம் இதுதான். அந்த 18 சதவீதத்தை இன்புட்டாக, அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். ஓட்டல் இருக்கும் மாநிலத்தின் வரிதான் விழும். தமிழ்நாட்டுப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு கர்நாடக வரியில் இன்புட் எடுக்க முடியாது. இதே சந்திப்பு கிண்டியிலோ நுங்கம்பாக்கத்திலோ என்றால், 18 சதவீத அறை வாடகை பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருந்தால் எடுக்கலாம். எண்ணை புக்கிங்கின்போதே கொடுங்கள். தனி ஆள் பெயரில் பில் அடித்துவிட்டால், ஊர் திரும்பியபின் மாற்றி வாங்குவது பெரும்பாடு.