பினாங்கிலிருந்து மெல்பர்ன்: கிளம்பும் முன் வீட்டுச் செலவை ஒப்பிடுவது எப்படி?

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் ஆட்களிடம் இப்போது ஆஸ்திரேலியப் பேச்சு அதிகம். வேலைக் கடிதம் வந்ததும் எல்லாரும் செய்கிற முதல் காரியம், சம்பளத்தை ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்ப்பது. ஓர் ஆஸ்திரேலிய டாலர் மூன்று வெள்ளிக்கு, அதாவது மூன்று ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் என்றால் இரண்டே முக்கால் லட்சம் வெள்ளி! அன்றைக்கு ராத்திரியே வீட்டில் பாதி முடிவு எடுத்தாகிவிடும்.

அந்த முடிவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுவிட்டு, கணக்கை முறையாகப் போட்டுப் பார்ப்போம். கூகுள் ஷீட்ஸ் போதும், நோட்டுப் புத்தகம் இருந்தாலும் சரி. எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். பட்டர்வொர்த்தில் சொந்த வீடு, வங்கிக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். பெரியவள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. சின்னவனுக்கு மூன்று வயது, பாட்டியிடம் இருக்கிறான். வீட்டுச் செலவுத் தொகைகள் கணக்குக் காட்டுவதற்காக நான் போட்டவை. அந்த இடத்தில் உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் இங்கே ஆகும் செலவு

பினாங்கில் தனக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்றே தெரியாமல் மெல்பர்ன் விலைவாசியைத் தேடுபவர்கள் நிறைய. கடந்த மூன்று மாத வங்கி அறிக்கை, கிரெடிட் கார்டு பில், டச் அன் கோ (டோல் கட்டும் அட்டை) பட்டியல் மூன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன், கார் கடன், பெட்ரோல், பினாங்குப் பாலத்து டோல், மளிகை, வெளிச்சாப்பாடு, பில்கள், பள்ளி வேன், டியூஷன், பெற்றோருக்குக் கொடுப்பது என்று தலைப்பு வாரியாகப் பிரியுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம். மாமாக் சாப்பாட்டுக் கடையில் எவ்வளவு போகிறது என்பதை யாரும் சரியாக நினைவு வைத்திருப்பதில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை வருபவற்றைக் கூட்டி 12ஆல் வகுத்துச் சேருங்கள்: சாலை வரி, கார் காப்புறுதி, மதிப்பீட்டு வரி, தீபாவளித் துணி, கல்யாண மொய்.

நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்குப் பிடித்தம் எல்லாம் போகக் கணவனின் 7,500 ரிங்கிட், மனைவியின் 3,500 ரிங்கிட், மொத்தம் 11,000 கைக்கு வருகிறது. செலவு 7,400. மீதி 3,600.

படி 2: காசு கொடுக்காமல் கிடைப்பவற்றுக்குக் கணக்குத் தாளில் ஒரு தனிப் பத்தி

என்னைக் கேட்டால் இந்தக் கணக்கிலேயே முக்கியமான படி இதுதான். எந்த விலைவாசித் தளத்திலும் இது இருக்காது. உங்கள் வங்கி அறிக்கையிலும் இருக்காது, ஏனென்றால் நீங்கள் இவற்றுக்குப் பணமே கட்டுவதில்லை, அல்லது பெயருக்குக் கட்டுகிறீர்கள்.

பாட்டியிலிருந்து ஆரம்பியுங்கள். சின்னவனைக் காலை ஏழு மணிக்குப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் பாலம் ஏறுகிறீர்கள். பெரியவள் பள்ளி முடிந்து அங்கேதான் வருகிறாள், அங்கேயே சாப்பிடுகிறாள். மெல்பர்னில் இது பிள்ளைகள் காப்பகத்தின் வேலை. முழுக் கட்டணம் நாளுக்கு 100 டாலரைத் தாண்டும். ஆஸ்திரேலிய அரசு காப்பகக் கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வது உண்மைதான். ஆனால் 482 போன்ற தற்காலிக வேலை விசாவில் போகிறவர்களுக்குப் பொதுவாக அந்த உதவி கிடையாது. நாளுக்கு 130 டாலர், வாரத்துக்கு மூன்று நாள் என்று போட்டாலே மாதம் 1,690 டாலர் ஆகிறது.

அடுத்தது வைத்தியம். இங்கே அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்தால் டாக்டரைப் பார்த்து மருந்தும் வாங்கி வரலாம். அங்கே மெடிக்கேர் என்ற பொது மருத்துவத் திட்டம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. பிரிட்டன், நியூசிலாந்து உட்படச் சில நாடுகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் இருக்கிறது. மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே குடும்பம் முழுவதற்கும் தனியார் மருத்துவக் காப்புறுதி எடுத்தாக வேண்டும், விசாவே அதைக் கேட்கும்.

பள்ளி விஷயம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ சவுத் வேல்ஸில் 482 விசாக்காரர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியிலேயே கட்டணம் உண்டு. வேலை எந்த ஊரில் என்பதைப் பார்த்து, அந்த மாநிலக் கல்வித் துறையின் தளத்தில் உங்கள் விசா வகையின் எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

சாலை வரியையும் இந்தப் பத்தியில் சேருங்கள். 1500 சிசி காருக்கு நாம் ஆண்டுக்குக் கட்டுவது 90 ரிங்கிட். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் காரின் ஆண்டுப் பதிவுக்குப் பல நூறு டாலர் ஆகும். விபத்தில் அடிபடுபவர்களுக்கான காப்புறுதியும் அதற்குள் அடக்கம் என்பதால் அதை வெறும் வரி என்று திட்டவும் முடியாது.

அண்டை வீட்டு அக்கா தரும் முருங்கைக்கீரை, ஒயர் வேலை தெரிந்த மச்சான், ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விடும் சித்தப்பா, இவர்களுக்கெல்லாம் விலை போட முடியாது. பெயரையாவது எழுதி வையுங்கள்.

படி 3: அங்கே கைக்கு எவ்வளவு வரும்?

ஆஸ்திரேலிய வரியை நீங்களே கணக்கிடலாம். 2025-26 நிதியாண்டில் வரிக் கணக்குக்கு உள்நாட்டில் வசிப்பவராகக் கருதப்படுபவருக்கு முதல் 18,200 டாலருக்கு வரி இல்லை. அதற்கு மேல் 45,000 வரை 16 சதவீதம், 45,000க்கு மேல் 135,000 வரை 30 சதவீதம். ஒரு லட்சம் டாலர் சம்பளத்துக்கு 4,288 கூட்டல் 16,500, ஆக மொத்தம் 20,788 டாலர் வரி. மீதி 79,212. மாதத்துக்கு ஏறத்தாழ 6,600.

இதோடு 2 சதவீத மெடிக்கேர் கட்டணமும் உண்டு. மெடிக்கேர் கிடைக்காத தற்காலிகவாசிகள் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். நம் கணக்கில் விலக்கு கிடைத்ததாக வைத்துக்கொள்கிறேன்.

வேலைக் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். நம் இபிஎஃப் போல அங்கே சூப்பர் என்ற ஓய்வுக்கால நிதி இருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து முதலாளி 12 சதவீதம் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் கட்டாயப் பிடித்தம் இல்லை. 'ஒரு லட்சம், சூப்பர் தனி' என்று இருந்தால் மேலே போட்ட கணக்கு சரி. 'சூப்பர் உட்பட ஒரு லட்சம்' என்று இருந்தால் உங்கள் உண்மையான சம்பளம் 89,286 டாலர்தான். கையில் வருவது மாதம் 5,976 ஆகிவிடும். ஒரே ஒரு சொல்லுக்கு மாதம் அறுநூறு டாலருக்கு மேல் வித்தியாசம்.

சூப்பர் பணத்தை முழுதாகச் சேமிப்பு என்றும் எண்ணிவிடாதீர்கள். தற்காலிக விசாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பினால் அதை எடுத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் 35 சதவீத வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். இங்கே இருக்கும் இபிஎஃப் பணமோ, நாட்டை விட்டுப் போகிறேன் என்ற காரணத்துக்காக மட்டும் கைக்கு வராது. குடியுரிமையைத் துறந்தால்தான் அந்த வழி திறக்கும்.

படி 4: வாடகை

அங்கே வாடகையை வாரக் கணக்கில் போடுவார்கள். 600 என்று பார்த்ததும் நான்கால் பெருக்கி 2,400 என்று எழுதாதீர்கள். 52ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க வேண்டும்: 2,600. ஆண்டு முழுக்கப் பார்த்தால் 2,400 டாலர் துண்டு விழும்.

டொமைன், ரியல்எஸ்டேட் என்ற இரண்டு தளங்களிலும் வீடு தேடலாம். வேலை இடத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் வரும் பேட்டைகளை முதலில் குறித்துக்கொண்டு, அங்கே மட்டும் பாருங்கள். நம்மவர்கள் கடைகளுக்காக டண்டினாங் பக்கமும் சிவா விஷ்ணு கோயிலுக்காகக் கேரம் டவுன்ஸ் பக்கமும் கேட்பார்கள். வேலை நகரின் மேற்கே இருந்தால் கோயிலுக்கு மாதம் ஒருமுறை போனால் போதும் என்று முடிவெடுப்பது நல்லது. பெரும்பாலான வீடுகள் காலியாகத்தான் வரும், குளிர்பெட்டிகூட இருக்காது.

படி 5: மளிகையை நிமிடத்தில் அளப்பது

நம்பியோ போன்ற தளங்களில் இரண்டு ஊரைப் போட்டால் உடனே ஓர் எண் வரும். அங்குள்ள விலைகள் பயனர்கள் பதிந்தவை. அதன் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டில் வாடகை சேராது, அதற்குத் தனிக் குறியீடு வைத்திருக்கிறார்கள். எந்தப் பொருள் எந்த அளவில் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்க்க உதவும், அவ்வளவுதான். விலையை நேராகக் கோல்ஸ், வூல்வொர்த்ஸ் என்ற அங்குள்ள பேரங்காடிகளின் தளங்களிலேயே பாருங்கள். நீங்கள் வழக்கமாக வாங்கும் இருபது பொருளைப் போட்டால் போதும்.

விலையை ரிங்கிட்டுக்கு மாற்ற வேண்டாம். எத்தனை நிமிட வேலை என்று பாருங்கள். மலேசியச் சட்டம் 2023 முதல் வார வேலைக்கு 45 மணி நேர வரம்பு வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் முழுநேர வேலை பொதுவாக 38 மணி நேரம். நம் ஆளுக்கு இங்கே கையில் வரும் 7,500 ரிங்கிட்டை மணிக் கணக்காக்கினால் ஏறத்தாழ 38 ரிங்கிட். அங்கே 40 டாலர். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்! இந்தக் குடும்பம் டாலரை வெள்ளி என்றே நினைத்துக்கொண்டு விலைப்பட்டியலைப் படிக்கலாம். உங்களுக்கு எண் வேறாக வரும், முறை அதேதான்.

அப்படிப் படித்தால் சில ஆச்சரியங்கள் இருக்கின்றன. 2025 செப்டம்பர் இறுதியில் வந்த புடி95 என்ற அரசு மானிய விலைப்படி இங்கே பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட். அங்கே ஏறத்தாழ 2 டாலர் என்று போட்டாலும் உழைப்புக் கணக்கில் சமம்தான். பால், தயிர், ஆட்டிறைச்சி எல்லாம் அங்கே நமக்கு மலிவாகவே தெரியும். சுடுவது வேறு இடத்தில்: மனித உழைப்பு சேர்ந்த எல்லாவற்றிலும். முடிவெட்டு, குழாய் ரிப்பேர், காப்பகம், ஓட்டல் சாப்பாடு. வாரத்தில் நான்கு நாள் வெளியே சாப்பிடும் பினாங்குக் குடும்பம் அங்கே அப்படிச் சாப்பிட முடியாது, வீட்டில்தான் சமைக்கும். அதனால் வெளிச்சாப்பாட்டுத் தொகையை அப்படியே டாலரில் எழுதாமல் குறையுங்கள், மளிகையைக் கூட்டுங்கள். மெல்பர்ன் குளிருக்கு ஹீட்டர் செலவும் சேரும்.

படி 6: போய் இறங்கும் செலவு

இது மாதச் செலவில் சேராது, தனித் தாளில் எழுதுங்கள். விசாக் கட்டணம் ஒவ்வொரு தலைக்கும் தனி. விமான டிக்கெட், வீட்டு முன்பணம் (விக்டோரியாவில் வழக்கமாக ஒரு மாத வாடகை), முதல் மாத வாடகை, குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், மெத்தை, குளிர் உடை, பழைய கார் ஒன்று. இதற்கு மேல் மூன்று மாதச் செலவுக்கான பணம் கையில் இல்லாமல் கிளம்ப வேண்டாம் என்பது என் கருத்து.

படி 7: மீதியை மீதியோடு ஒப்பிடுங்கள்

இப்போது மெல்பர்ன் பத்தி, மாதத்துக்கு டாலரில்: வாடகை 2,600, மளிகை 1,200, கார் 500, மின்சாரம், எரிவாயு, தண்ணீர், இணையம், கைப்பேசி 450, மருத்துவக் காப்புறுதி 300, இதர செலவு 300. மொத்தம் 5,350. கையில் வருவது 6,600. மீதி 1,250.

இது மனைவி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் கணக்கு. சின்னவனை மூன்று நாள் காப்பகத்தில் விட்டால் 440 டாலர் பற்றாக்குறை. அதை ஈடுகட்டி, முந்தைய மீதிக்கு மேலே ஏற வேண்டுமானால் மனைவியின் சம்பளம் கையில் 1,690ஐத் தாண்டியாக வேண்டும். அதனால் அவர் விசாவில் வேலை செய்யும் உரிமை இருக்கிறதா, அவர் படிப்பை அங்கே ஏற்பார்களா என்பது பக்க விஷயமில்லை, இந்தக் கணக்கின் நடுத்தூணே அதுதான்.

ஊரில் விட்டுவிட்டுப் போகும் கடமைகளும் இருக்கின்றன. வீட்டுக் கடன் 1,800 ரிங்கிட், வாடகைக்கு விட்டால் 1,300 வரும் என்றால் மாதம் 500 கையிலிருந்து போகும். பெற்றோருக்கு 500. பிடிபிடிஎன் கல்விக் கடன் இருந்தால் அதுவும் தொடரும். இந்த ஆயிரம் ரிங்கிட்டை, அதாவது சுமார் 360 டாலரைக் கழித்தால் மீதி 890. ரிங்கிட்டில் ஏறத்தாழ 2,500. பினாங்கு மீதி 3,600 என்று ஆரம்பத்தில் பார்த்தோம், அதுவும் வீட்டுக் கடன், பெற்றோர் பணம் எல்லாம் கொடுத்த பிறகு.

போகக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. பிள்ளைகள் படிப்பு, வேலை நேரம், நிரந்தர வசிப்புரிமை என்று வேறு காரணங்களுக்காக முதல் சில ஆண்டுகள் குறைந்த மீதியோடு இருக்கப் பலர் சம்மதிக்கிறார்கள். சம்மதிப்பது தெரிந்து நடக்கட்டும். மாற்று விகிதத்தைப் பத்து சதவீதம் கூட்டியும் குறைத்தும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ரிங்கிட் எப்படி ஆடும் என்பதை 2024 பிப்ரவரியில் பார்த்தோமே, ஓர் அமெரிக்க டாலர் 4.80 ரிங்கிட்டை நெருங்கியது.

படி 8: கேட்க வேண்டியவர்களிடம் கேட்பது

அங்கே இருக்கும் சொந்தக்காரரிடம் "செலவெல்லாம் எப்படிண்ணே?" என்று கேட்டால் "சமாளிக்கலாம் தம்பி" என்றுதான் பதில் வரும். பில்லைக் கேளுங்கள்: ஜூலை மாத எரிவாயு பில் எவ்வளவு, கார் காப்புறுதி எவ்வளவு, காப்பகத்தில் இடம் கிடைக்க எத்தனை மாதம் காத்திருந்தீர்கள். அவர் நிரந்தரவாசியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் அவர் சொல்லும் காப்பகக் கட்டணமும் மருத்துவச் செலவும் உங்களுக்குப் பொருந்தாது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல். சூப்பர் சம்பளத்துக்கு உள்ளேயா வெளியேயா, குடும்பத்தின் விசாக் கட்டணத்தையும் விமான டிக்கெட்டையும் யார் கட்டுவது, முதல் சில வாரம் தங்க இடம் தருவார்களா, ஓராண்டுக்குள் வேலையை விட்டால் எதையாவது திருப்பிக் கட்ட வேண்டுமா. போனில் பதில் சொன்னால், "நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன்" என்று எழுதி அனுப்பி, எழுத்தில் பதில் வரும்வரை இங்குள்ள வேலைக்கு ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள்.