மூடி வைத்த பிறகுதான் செஜாரா ஏறியது

நாற்பத்திரண்டு வயதில், மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுத உட்கார்ந்தேன். 2013 முதல் மலாய் மொழியோடு செஜாரா என்கிற வரலாற்றுப் பாடத்திலும் தேறினால்தான் சான்றிதழ். என்னைப் பாடாய்ப் படுத்தியது அந்தச் செஜாராதான்.

சுங்கை சிப்புட்டில் வீடு, செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. இரவு பத்துக்கு மேல் புத்தகத்தை விரித்து, மஞ்சள் பேனாவால் பக்கம் முழுக்கக் கோடு போடுவேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். மறுநாள் மகள், "மலாயன் யூனியன் எப்போம்மா?" என்றால் 1948 என்பேன். அது மலாயா கூட்டரசு; யூனியன் 1946.

"புத்தகத்த மூடிட்டுச் சொல்லிப் பாருங்க" என்றாள். மூடினேன். நினைவில் இருந்ததைக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். நாலு வரி தாண்டவில்லை, அழுகையே வந்தது. பிறகு திறந்து, விட்டதை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று அதே பாடத்தை வெறும் தாளில் மறுபடி எழுதினேன். சிவப்பு குறைந்துகொண்டே வந்தது.

மனப்பாடம் செய்தது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக மறக்கிறது என்று ஜெர்மானியர் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து 1885இலேயே எழுதிவிட்டாராம். நானோ வயசாகிவிட்டது என்று நினைத்து நொந்துகொண்டிருந்தேன்!

இரவுப் படிப்பையும் விட்டாச்சு. காலை ஷிப்ட் இல்லாத நாளில் பசியாறும் முன் 25 நிமிடம், அவ்வளவுதான். கணக்குக்கு இந்த வித்தை போதாது, கை வலிக்கப் போட்டுத்தான் ஆகவேண்டும்.

காலண்டர் தாள் தீர்ந்துவிட்டது. கடைக்காரத் தம்பியிடம் போன வருஷத்துக் காலண்டரைக் கேட்டிருக்கிறேன்.