இரண்டு பக்கமும் பச்சை: சந்தி விளக்குச் செயற்றிட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரச் செயற்றிட்டத்துக்குச் சந்தி விளக்கு செய்கிற பிள்ளைகள் அநேகமாக மாங்குளம் சந்தியைத்தான் எடுப்பார்கள். ஏ9 வீதியில் முல்லைத்தீவு வீதி வந்து ஏறும் இடம், வன்னியில் எல்லோருக்கும் பழக்கம். ரெஜிபோமில் வீதி கீறி, எல்ஈடிகளைக் குத்தி, ஆர்டுயினோ யூனோ ஆர்3 என்ற, நிரல் எழுதி ஏற்றும் சிறு போர்டில் பூட்டினால் மூன்று நிறமும் முறைப்படி மாறும். அதுவரை பெரிய வேலை இல்லை. ஏதாவது பிழைத்தால் அந்தப் பெட்டி என்ன செய்யும் என்று கேட்டால்தான் முழிப்பார்கள்.

ஒரு பொடியன் ஏ9 பக்கத்துக்குப் பச்சையை 30 செக்கன் வைத்திருந்தான். வடிவாக ஓடியது. 40 ஆக்கினான், பச்சை அப்படியே நின்றுவிட்டது. போர்டு பழுது என்று புதிது வாங்கக் காசும் சேர்த்துவிட்டான். பிழை போர்டில் இல்லை. டிலே என்பது இத்தனை மில்லிசெக்கன் காத்திரு என்று சொல்லும் கட்டளை; அதற்குள் 40 பெருக்கல் 1000 என்று எழுதியிருந்தான். இந்த யூனோவில் சாதாரண முழு எண் 16 பிட்தான், 32,767க்கு மேல் கொள்ளாது. 30,000 அடங்கும். 40,000 வழிந்து மறை 25,536 ஆகிவிடும். டிலே அதைக் குறியில்லாத 32 பிட் எண்ணாக வாசித்து, ஏறத்தாழ 49.7 நாள் காத்திருக்கும். மூன்று மாத நெல் என்றால் பாதி வளர்ந்துவிடும். 40க்குப் பின்னால் யூஎல் என்று இரண்டு எழுத்துச் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

உண்மையில் டிலேயே இந்த வேலைக்கு உதவாது. அது காத்திருக்கும் நேரத்தில் பாதசாரி பொத்தானை அமத்தினாலும் நிரல் கவனிக்காது. போர்டு தொடங்கி எத்தனை மில்லிசெக்கன் ஆயிற்று என்று சொல்லும் மில்லிஸ் கொண்டு நேரம் பாருங்கள். அதிலும் இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும். கூட்டி ஒப்பிட்டால், 49.7 நாளில் மில்லிஸ் பூச்சியத்துக்குத் திரும்பும்போது கணக்குக் குழம்பும்.

அடுத்தது, ஒரு பக்கம் சிவப்பானதும் மறுபக்கத்துக்கு உடனே பச்சை கொடுப்பது. இடையில் எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் ஒரு இடைவேளை வேண்டும். வாகனத்தின் நீளத்தையும் சேர்த்துச் சந்தியைக் கடக்க 25 மீற்றர் என்று வையுங்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் கார் 1.8 செக்கனில் கடந்துவிடும். நெல்மூட்டை ஏற்றிக்கொண்டு 15 கிலோமீற்றரில் வரும் லாண்ட்மாஸ்டருக்கு 6 செக்கன் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் நிரல்களில் லாண்ட்மாஸ்டர் இல்லை, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். மஞ்சளுக்கும் கணக்கு உண்டு. சாரதி சுதாரிக்க 1 செக்கன், 50 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் பிரேக் பிடிப்பதற்காக இன்னும் 2.3 செக்கன், மொத்தம் 3.3. ரெஜிபோமில் 1 செக்கன் மஞ்சள் அழகாகத்தான் இருக்கும்.

பச்சை இரண்டும் ஒன்றாக எரிவதுதான் எனக்குப் பயமான பிழை. விளக்கைப் போட்டு நிறுத்தும் மின்காந்த ஆளிதான் ரிலே. கடைகளில் கிடைக்கும் ரிலே மொடியூல்களில் பெரும்பாலானவை, போர்டின் பின் (இணைப்பு முனை) தாழ்நிலைக்கு, அதாவது 0 வோல்ற்றுக்கு, வந்தால் இழுப்பவை. பின்னை வெளியீடு என்று அறிவித்த கணமே அது தாழ்நிலைக்குப் போகும், எல்லா ரிலேயும் ஒருமிக்க ‘டக்’ என்று இழுக்கும். கறண்ட் வெட்டி வரும்போதெல்லாம் இது நடக்கும். அறிவிப்பதற்கு முன்னரே உயர்நிலையை எழுதிவிட்டால் தப்பலாம். ரிலேக்குப் பதிலாக மொஸ்பெற் என்ற மின்னணு ஆளி பாவித்தால், அது தானாக எரியாமல் இருக்க, அதன் கட்டுப்பாட்டு முனையான கேற்றுக்கும் தரைக்கும் இடையில் 10 கிலோ ஓம் தடையி ஒன்று போடுங்கள்.

அதோடு நிரலை மட்டும் நம்பவும் கூடாது. ஒரு பச்சைக்குப் போகும் வயரை மற்றப் பச்சையின் ரிலேயில், ஓய்வில் மூடியிருக்கும் தொடுகை வழியாக எடுங்கள். நிரல் என்ன உளறினாலும் இரண்டும் சேர்ந்து எரியாது. நிரல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் வோச்டோக் என்ற காவல் கடிகாரத்தையும் இயக்குங்கள். யூனோவின் சிப்பில் அதன் அதிகூடிய நேரம் 8 செக்கன். நிரல் உறைந்தால் அது மீளத் தொடக்கிவிடும். தொடங்கும்போது முதலில் சில செக்கன் எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கட்டும்.

மின்னோட்டக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பின்னுக்கு 40 மில்லி அம்பியர் என்பது தாங்கும் எல்லை, ஓட்ட வேண்டிய அளவு அல்ல. 20க்குள் நில்லுங்கள். சிப் முழுவதற்கும் எல்லை 200. பெரிய 12 வோல்ற் விளக்கென்றால் யூஎல்என்2803 போன்ற ஒரு டிரைவர் வேண்டும். இரண்டு மின்வழங்கிகளின் தரை வயரையும் இணைக்க மறக்காதீர்கள்.

மேசையில் ஒழுங்காக வேலை செய்த பாதசாரிப் பொத்தான், 20 மீற்றர் வயரில் வெளியே போனதும் யாரும் தொடாமலே அமரும். பொத்தானை அமத்தாதபோது பின்னை உயர்நிலையில் பிடித்துவைக்க சிப்பின் உள்ளே இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் தடையி அவ்வளவு நீள வயருக்குப் போதாது. ஐப்பசி, கார்த்திகை இடிமுழக்கத்தில் அந்த வயர் நல்ல அன்ரனா ஆகிவிடும். வெளியே ஓம் அளவு இன்னும் குறைந்த தடையி ஒன்று, 100 நனோ பரட் கொள்ளளவி ஒன்று, முடிந்தால் வயரையும் சிப்பையும் ஒளியால் பிரித்துவைக்கும் ஒரு ஒப்டோகப்ளர் போடுங்கள். பெட்டிக்குள் வயர் நுழையும் துளைகளையும் அடைத்துவிடுங்கள். வேலை செய்யவில்லை என்று நான் திறந்து பார்த்த ஒரு பெட்டியில், ரிலே இரண்டுக்கும் நடுவே இரண்டு பல்லி முட்டை இருந்தது.