கண் தானம் பண்றதா வேணாமானு சாவு வீட்டுல பிரச்சனை வந்தா எப்படி முடிவு எடுக்கறது

சாமி சொன்ன தர்மம் பெருசா, மனுஷன் யோசிச்சு சொல்ற நியாயம் பெருசானு மணிக்கணக்கா பேசலாம், ஆனா வீட்டுல ஒரு சாவு விழுந்து சில மணி நேரத்துல பதில் சொல்லணும்னு வரும்போதுதான் ரெண்டோட பலமும் தெரியும். எங்க அப்பத்தா தவறினப்ப பாத்தத வச்சு சொல்றேன்.

மொதல்ல நேரம். கருவிழிய ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்தாகணும். அதனால முடிவுக்கு காத்திருக்காம இமைய மூடி மேல ஈரப் பஞ்சு வைங்க, ஃபேன ஆஃப் பண்ணுங்க, தலைக்கு தலகாணி கொடுத்து கொஞ்சம் தூக்கி வைங்க. கடைசில வேணாம்னு ஆனாலும் இதால யாருக்கும் நட்டமில்ல. கண்ணாடி போட்டவங்க, கண்புரை ஆபரேஷன் பண்ணவங்ககூட கொடுக்கலாம், வயசாயிருச்சேனு தயங்காதீங்க.

அப்புறம், இறந்தவங்க என்னைக்காவது இதப் பத்தி பேசிருக்காங்களானு கேளுங்க. வேணாம்னு அவங்க வாயாலயே சொல்லிருந்தா பேச்ச அங்கயே நிறுத்திரணும், நல்ல காரியம்தானேனு மீறக் கூடாது. எங்க அப்பத்தா எதுவுமே சொல்லல, அதான் சிக்கல்.

பெரியப்பா "கண்ணில்லாம அனுப்புனா அடுத்த ஜென்மத்துல குருடா பொறக்கும்டா"னு அழுதாரு. சித்தப்பா மகன் "எரிக்கப்போற ஒடம்புதானே பெரியப்பா"ன்னான். அவன் சொன்னது உண்மைதான், ஆனா பெத்தவ கால்மாட்டுல உக்காந்திருக்கற மனுஷன்கிட்ட சொல்ற வார்த்தையா அது? வீடே கொந்தளிச்சுருச்சு.

இந்த மாதிரி நேரத்துல ரெண்டு பக்கத்துக்கும் ஒரே கேள்விய போடுங்க: நீங்க சொல்ற காரணத்த, அதால நஷ்டப்படப்போற ஆள் முகத்த பாத்து சொல்ல முடியுமா? கருவிழி வெள்ளையாகி பார்வை போன ஒரு புள்ள எதிர்ல நிக்குது, எங்க அப்பத்தாவோட அடுத்த பிறவிக்காக உனக்கு கிடையாதுனு அதுகிட்ட சொல்ல முடியுமா? என்னால முடியாது. நான் தினமும் கோயிலுக்கு போற ஆள்தான், இருந்தாலும் எது சரினு கண்டுபிடிக்க இந்தக் கேள்விதான் நம்பகமானதுனு நெனக்கிறேன், ஏன்னா மதத்துக்குள்ளயே ரெண்டு பதிலும் இருக்கு, எத எடுக்கறதுனு அதுவா சொல்லாது.

ஆனா சரினு தெரிஞ்சத செய்ய வைக்கறது வேற வேலை. அத எங்க வீட்டுல செஞ்சது அத்தைதான். "அண்ணே, காளத்தில ரத்தம் வந்த சாமி கண்ணுக்கு தன் கண்ண தோண்டி அப்புன கண்ணப்பன் குருடாவா போனான்? சாமியே கைய புடிச்சு நிறுத்தி பக்கத்துல வச்சுக்கலையா?" அவ்வளவுதான் கேட்டாங்க. அதனால அவங்கவங்க நம்பிக்கைக்குள்ள இருந்தே பேசுங்க. ரெண்டாம் ஜான் பால் போப்பாண்டவர் 2000லயே உறுப்பு தானத்த அன்பின் செயல்னு சொல்லிருக்காரு, கிறிஸ்தவ வீட்டுல அத சொல்லலாம். இலங்கைல டாக்டர் ஹட்சன் சில்வா 1961ல கண் தான சங்கம் ஆரம்பிச்சப்ப பௌத்தங்க அள்ளிக் கொடுத்தாங்கன்னா அவங்களுக்கு தானம்ங்கறது சின்ன வயசுலேர்ந்து கேட்ட விஷயம். நம்ம ஊர்ல சிபி புறாவுக்கு சதை கொடுத்தான், புத்தரோட முற்பிறவியப் பத்தின அவங்க ஜாதகக் கதைல சிபி கண்ணையே கொடுக்கறான். நாத்திகர் வீடா இருந்தா இந்தக் கதையெல்லாம் வேண்டாம், அந்தப் புள்ளையப் பத்தி மட்டும் பேசுங்க போதும்.

சம்மதம்னா உடனே பக்கத்துல இருக்கற கண் வங்கிக்கு போன் போடுங்க. அவங்களே வீட்டுக்கு வந்துருவாங்க, நெருங்கின சொந்தக்காரங்க கையெழுத்து வேணும், இறந்தவங்க ஒடம்புலேர்ந்து ரத்த சாம்பிள் எடுப்பாங்க, அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுரும், பைசா கிடையாது.

எங்க வீட்டுல அவங்க எடுத்து முடிச்சதும் பெரியப்பாதான் மொதல்ல உள்ள போனாரு. குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்துட்டு, "முகம் அப்படியேதாண்டா இருக்கு"னு சொல்லி, நெத்தில திருநீறு பூசி காச வச்சுட்டு, குளிப்பாட்ட தண்ணி கொண்டாங்கடானு வெளிய பாத்து சொன்னாரு.