கட்டுமலை ஏறியவர்கள் நிஜ மலைக்குப் போகும் முன்

கும்பகோணத்துக்காரன் ஒருவனிடம் மலை ஏறியிருக்கிறாயா என்று கேட்டால் முதலில் சுவாமிமலையைத்தான் சொல்லுவான். அதற்கு 60 படி. அதுவும் கட்டுமலை, மனுஷன் எழுப்பியது. மற்றபடி எங்கள் பக்கம் மேடு என்றால் ஆற்றங்கரை, பள்ளம் என்றால் ஆறு, நடுவில் எல்லாம் வயல். இப்படித் தட்டையான ஊரில் வளர்ந்த ஐந்து பேர், ஒரு தை மாதம், நடவு வயலில் நாள் பூராவும் நிற்கிற கால் மலையில் நிற்காதா என்கிற தைரியத்தில் கொல்லிமலைக்குப் போய் ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கிவிட்டு வந்தோம். கால் நிற்கத்தான் செய்தது, இறங்கும்போதுதான் நடுங்கியது. அந்த ஒரு தடவையிலும் அதற்குப் பிறகு போன சில தடவைகளிலும் தெரிந்துகொண்டதை, டெல்டாக்காரர்களுக்கு என்றே எழுதுகிறேன்.

முதலில் எந்த மலை. நமக்குப் பக்கம் என்று பார்த்தால் இரண்டுதான்: துறையூர் வழியாகப் போகிற பச்சைமலை, நாமக்கல் வழியாகப் போகிற கொல்லிமலை. இரண்டுக்கும் திருச்சி போய்த்தான் போக வேண்டும். பச்சைமலை உயரம் குறைவு, கூட்டமும் குறைவு, முதல் தடவைக்கு அதுவே போதும். கொல்லிமலை 1,000 மீட்டருக்கு மேல், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. நேர் ரோட்டில் தஞ்சாவூருக்கும் மாயவரத்துக்கும் பஸ்ஸில் போய்ப் பழகிய வயிறு முப்பதாவது வளைவிலேயே கை கொடுக்காது. காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பஸ்ஸில் முன் பக்கம் உட்காருங்கள், போனைப் பார்க்காமல் வெளியே தூரத்தைப் பாருங்கள். வெள்ளியங்கிரி, பர்வதமலை எல்லாம் பெயர் பெற்ற மலைகள்தான். ஆனால் முதல் ஏற்றத்துக்கு அவை வேண்டாம்.

எப்போது போவது என்றால், பொங்கல் கழிந்து மாசி பிறப்பதற்குள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மாசி பாதியிலிருந்து புல் காய்ந்துவிடும், காட்டுத்தீக்குப் பயந்து வனத்துறை பாதைகளை மூடும். கூட்டாளிகளில் யாருக்காவது சம்பா அறுவடை இருந்தால் அதை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். எங்களோடு வந்த ஒருவன் வழி நெடுக அறுப்பு மெஷின்காரனுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தான், மேலே சிக்னல் போனதும் அவன் முகமும் போய்விட்டது.

அடுத்தது அனுமதி. இதைப் பலர் பேருக்குக் கூட விசாரிப்பதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டி 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதிகள் கடுமையாகின. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைப்பதே குற்றம், கூடாரம் போடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2024 அக்டோபரில் வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து இணையத்தில் முன்பதிவு வைத்தது. வழிகாட்டியோடுதான் அனுப்புவார்கள். எனவே முதல் தடவைக்கு நான் சொல்வது இதுதான்: பகலில் அனுமதி உள்ள பாதையில் நடங்கள், ராத்திரிக்குக் காபித் தோட்டம் போல யாருடைய பட்டா நிலத்திலாவது, சொந்தக்காரரிடம் பேசி, காசு கொடுத்துத் தங்குங்கள். கூப்பிட்டால் ஓர் ஆள் வருகிற தூரத்தில் படுத்தாலும் அது கூடாரம்தான்.

காலைப் பழக்குவதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். வாக்கிங் போகிறேன் என்று மகாமகக் குளத்தைச் சுற்றுவது இதற்கு உதவாது, அது சமதளம். படி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திருச்சி மலைக்கோட்டை போய் உச்சிப்பிள்ளையாரை இரண்டு தடவை பாருங்கள். அது சுலபமானதும் குளித்தலைப் பக்கம் அய்யர்மலை, 1,017 படி. முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு ஏறி இறங்குங்கள். ஏறுவதில் மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்குவதில்தான் முட்டியும் தொடையும் அடி வாங்கும், அது மறுநாள்தான் தெரியும். கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்கு அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆயிரத்துக்கு மேல் படி கீழே இறங்க வேண்டும். எல்லா மலையும் ஏறி இறங்குவது, இது இறங்கி ஏறுவது. போகும்போது சிரித்துக்கொண்டே ஓடினோம். அருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது ஒருவன் ஐம்பது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து, 'நீங்க போங்கடா, நான் இங்கேயே சாமியாராயிடுறேன்' என்றான்.

செருப்பு வேண்டாம், பிடிப்பு உள்ள ஷூ போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. ஆனால் புது ஷூவோடு கிளம்பாதீர்கள், பதினைந்து நாளாவது ஊருக்குள் போட்டு நடந்திருக்க வேண்டும். கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். என் வலது கால் கட்டைவிரல் நகம், இறக்கம் முழுக்க ஷூ முனையில் இடித்து இடித்து, வீட்டுக்கு வந்தபோது நாவல்பழ நிறத்தில் இருந்தது. மூன்று வாரத்தில் கழன்று விழுந்தது.

பையில் என்ன வைப்பது என்பதை விட எதை எடுத்து வெளியே போடுவது என்பதுதான் பெரிய வேலை. நாம் கோயிலுக்குப் போனாலே அரை வீட்டைக் கட்டிக்கொண்டு போகிற ஜாதி. ஒருவன் எவர்சில்வர் குண்டானும் கரண்டியும் கொண்டுவந்தான், அதை ஐந்து பேரும் மாற்றி மாற்றிச் சுமந்தோம், கடைசி வரை சமைக்கவில்லை. பத்துக் கிலோவுக்கு மேல் போனால் பிரித்துத் திரும்ப அடுக்குங்கள். மாற்றுத் துணி ஒரு செட், உர மூட்டைக்குள் வருமே அந்த பிளாஸ்டிக் உறை, அதை நன்றாகக் கழுவி அதற்குள் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள், எந்த மழைக்கும் நனையாது. டார்ச் ஆளுக்கு ஒன்று. போன் வெளிச்சம் டார்ச் ஆகாது. ஒரு விசில். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், ஓடைத் தண்ணீர் எவ்வளவு பளிங்காக இருந்தாலும் மேலே மாடு இறங்கியிருக்கும், கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்.

சாப்பாட்டில் மட்டும் நாம் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. மத்தியானத்துக்குப் புளியோதரை, ராத்திரிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, இரண்டும் வாழையிலையில். தயிர் சாதத்தை விட்டுவிடுங்கள், மத்தியானத்துக்குள் புளித்துப் பொங்கிவிடும். நடக்கும்போது கொறிக்கக் கடலை மிட்டாய், கொஞ்சம் வெல்லம். வியர்வையில் உப்பு போய்விடுவதால் எலுமிச்சையும் உப்பும் கலந்த தண்ணீர் ஒரு பாட்டில் தனியாக. நான் டிக்காஷனைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போவேன், பால் பவுடரோடு. காலை ஐந்தரைக்குப் பனிக்குள் நின்றுகொண்டு குடிக்கிற அந்தக் காபி, ஊர் டிகிரி காபிக்கு உறை போடக் காணாது, ஆனாலும் யாரும் ஒரு வாய் மிச்சம் வைத்ததில்லை.

சரக்கு எடுத்து வருகிறேன் என்று ஒருவன் கட்டாயம் சொல்லுவான். முடியாது என்று ஊரிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே போனால் சூடாவது போல இருக்கும், உண்மையில் உடம்புச் சூடு வெளியேறும், அப்புறம் இருட்டில் ஒண்ணுக்குப் போனவனைத் தேடுகிற வேலை மற்றவர்களுக்கு.

கூடாரத்தை ஊரிலேயே ஒரு தடவை கட்டிப் பாருங்கள். நாங்கள் வாடகைக்கு எடுத்த கூடாரத்தில் முளைக்குச்சிப் பையே இல்லை. அது தெரிந்தது மலை மேல், மாலை ஐந்தே முக்காலுக்கு. கடைக்காரருக்குப் போன் போட்டால் சிக்னல் இல்லை, இருந்திருந்தாலும் அவர் என்ன செய்வார். தோட்டத்துக்காரர் மிளகுக் கொடி கட்டுகிற கயிறும் நாலு கட்டையும் கொடுத்துக் காப்பாற்றினார். கொல்லைப்புறத்தில் அரை மணி நேரம் விரித்துப் பார்த்திருந்தால் ஊரிலேயே தெரிந்திருக்கும்.

இனி இடம். நமக்கு ஒரு பழக்கம் உண்டு, தண்ணீர் ஓரமாகப் போய் உட்காருவது. படித்துறையிலும் கரையிலும் வளர்ந்தவர்கள், ஓடைச் சத்தம் கேட்டால் அங்கேயேதான் படுக்கையைப் போடத் தோன்றும். போடாதீர்கள். நம் காவிரி சொல்லிவிட்டு வருகிற ஆறு. மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் ஆகும், அதற்குள் பேப்பரில் வந்து, டிவியில் வந்து, பூவும் நெல்லும் தூவக் கரையில் ஆட்கள் நிற்பார்கள். மலை ஓடை அப்படி இல்லை. நாம் நிற்கிற இடத்தில் நட்சத்திரம் தெரியும், மேலே எங்கோ பெய்த மழை சில நிமிஷத்தில் இறங்கிவிடும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், சத்தம் கனத்தாலும் பையைக் கூடப் பார்க்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். குளிக்கும்போதும் இதே விதிதான். கூடாரம் ஓடையிலிருந்து தள்ளி, மேடான இடத்தில், பட்ட மரத்துக்கு அடியில் இல்லாமல், லேசான சரிவில் தலை மேல் பக்கம் வருகிற மாதிரி.

குளிர் மேலிருந்து வரும் என்று நினைத்துப் போர்வையாக அடுக்காதீர்கள், தரையிலிருந்துதான் ஏறும். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஊரில் தை மாதம் விடிகாலை 20 டிகிரி என்றால் அங்கே பதிமூன்று, பதினான்கு. நெல் காயப்போடுகிற படுதாவை அடியில் விரித்து, அதற்கு மேல் ஒரு கோரைப்பாய், அதற்கு மேல் ஜமுக்காளம் போட்டால் பாதிக் குளிர் அடங்கும். பாயைச் சுருட்டிப் பையோடு கட்டிக்கொண்டு போனதற்கு பஸ்ஸில் சிரித்தார்கள், ராத்திரி அந்தப் பாய்க்குத்தான் அடிதடி. நடந்த பனியனை வியர்வையோடு போட்டுக்கொண்டு படுக்காதீர்கள், காய்ந்ததை மாற்றுங்கள். குரங்குக் குல்லாவுக்கு வெட்கப்படவே கூடாது. கூடாரத்துக்குள் கரி அடுப்பு, கணப்பு எதுவும் கூடாது, அந்தப் புகை தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

வெளியே நெருப்பு என்றால் தோட்டத்துக்காரர் காட்டுகிற இடத்தில் மட்டும், காய்ந்த புல்லிலிருந்து தள்ளி. சரிவில் தீ கீழிருந்து மேலே ஓடுகிற வேகத்துக்கு நம்மால் ஓட முடியாது. படுக்கும் முன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, மேலே புறங்கையைக் காட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் அணையவில்லை என்று அர்த்தம்.

பாம்புக்கு நாம் புதிதல்ல, வரப்பில் பார்க்காததா. ஆனால் வீட்டில் கட்டிலில் படுப்போம், இங்கே தரை. கட்டுவிரியன் ராத்திரி நடமாடுகிற ஜாதி, தூங்குகிறவனைக் கடித்தால் வலிகூட அதிகம் தெரியாது. ஜிப்பை முழுக்க மூடி வையுங்கள், உள்ளே தின்பண்டம் வைக்காதீர்கள், ஷூவைக் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுக் காலை விடுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம், அசைக்காமல் தூக்கிக்கொண்டு 108க்குச் சொல்லி ஆஸ்பத்திரி. அட்டை கடித்தாலும் பதறாதீர்கள், வயல் அட்டையின் சொந்தக்காரன்தான் அது. உப்பு போட்டால் விழும், கடித்த இடத்தைக் கழுவிவிடுங்கள்.

நடக்கும்போது மெதுவாக நடக்கிறவன் முன்னால், நன்றாக நடக்கிறவன் கடைசியில். நாங்கள் தலைகீழாகச் செய்தோம், வேகக்காரர்கள் இருவர் முன்னால் போய் ஒரு பிரிகிற பாதையில் தவறான பக்கம் திரும்பிவிட்டார்கள். முக்கால் மணி நேரம் விசில் ஊதி, கத்தி, கடைசியில் விறகு கொண்டுபோன ஒரு அம்மாதான் 'உங்க பசங்க கீழ தோட்டத்துல நிக்கிறாங்க, போங்க' என்று காட்டினார். பிரிகிற இடம் எதுவானாலும் எல்லோரும் வந்து சேரும் வரை நிற்க வேண்டும். தை மாதத்தில் ஆறு மணிக்கே சூரியன் போய்விடும், பள்ளத்தில் இன்னும் சீக்கிரம். மத்தியானம் இரண்டு மணி ஆனால் எங்கே இருந்தாலும் திரும்புங்கள், உச்சி பத்து நிமிஷத்தில் தெரிந்தாலும் சரி. எந்த மலை, எங்கே தங்குகிறோம், எத்தனை மணிக்குள் போன் வரும் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். கோயிலுக்குப் போகிறோம் என்று பொய் சொல்லிவிட்டுப் போவதில் ஒரு சிக்கல் உண்டு, தேட வேண்டியிருந்தால் திருநாகேஸ்வரத்தில் தேடுவார்கள்.

குப்பையை எல்லாம் ஒரு பையில் கட்டிக் கீழே கொண்டுவாருங்கள், வாழையிலையை மட்டும் தோட்டத்து மாட்டுக்குக் கொடுக்கலாம். ஊர் வந்ததும் குளித்துவிட்டுப் படுக்கத்தான் தோன்றும். அதற்கு முன் கூடாரத்தை மொட்டை மாடியில் விரித்துப் போடுங்கள், பனியில் நனைந்த துணியை அப்படியே மடித்தால் நாலு நாளில் பூசணம் பிடித்து வாடை வரும், முன்பணமும் திரும்பாது. எங்கள் வீட்டில் அன்றைக்கு மாடி முழுக்க அம்மா வடகம் பிழிந்து வைத்திருந்தார். ஓரமாக ஒரு மூலையைக் கொடுத்துவிட்டு, 'இதுக்குள்ளயா அஞ்சு பேரு படுத்தீங்க' என்று குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.