துளையிட முடியாத பம்ப் மூடிகள்: என் அனுபவம்

கோவையில் ஒரு சிறிய வார்ப்பிரும்பு பவுண்டரியில் இரும்பை உருக்கும் பிரிவைக் கவனித்துவரும் எனக்கு, லேத் பட்டறையிலிருந்து ஒரு நாள் பம்ப் மூடிகள் திரும்பி வந்தன, 6 மி.மீ. தடிமனுள்ள விளிம்பில் டிரில் பிட் மழுங்கிப்போகிறது என்பது புகார். ஒன்றைச் சம்மட்டியால் உடைத்தபோது, நடுப்பகுதி சாம்பல் நிறமாக இருக்க, விளிம்பு மட்டும் வெள்ளியாக மின்னியது. அங்கே கார்பன் கிராபைட்டாகப் பிரியாமல், இரும்போடு சேர்ந்து கடினமான கார்பைடாகவே உறைந்திருந்தது.

மணலின் ஈரத்தைச் சந்தேகித்து அரை நாளை வீணாக்கினோம். உண்மையில், கார்பன் மிகுந்த கச்சா இரும்பான பிக் அயர்னைக் குறைத்து எஃகுக் கழிவைக் கூட்டியிருந்ததால், கிராபைட் பிரிய உதவும் கார்பனும் சிலிக்கானும் இறங்கியிருந்தன. கலவையைச் சரிசெய்ததோடு, 100 கிலோ இரும்புக்கு 300 கிராம் வீதம், சூடாக்கி உலர்த்திய ஃபெரோசிலிக்கான் (இரும்பு-சிலிக்கான் கலவை) குருணையை, லேடில் என்ற ஊற்றும் வாளியில் விழும் உருகிய இரும்பின் தாரையிலேயே தூவினோம். தாமதித்தால் அதன் பலன் மங்கிவிடும் என்பதால், பத்து நிமிடத்துக்குள் ஊற்றி முடிக்கும்படி சிறிய லேடிலுக்கு மாறினோம். கைக்கு வேலை கூடியது என்று முணுமுணுப்பு எழத்தான் செய்தது.

இப்போது ஒவ்வொரு உருக்கிலும் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றை வார்த்து உடைத்து, அதன் கூர்முனையில் வெள்ளைப் பட்டை எவ்வளவு என்று பார்த்த பிறகே உலையைச் சாய்க்கிறோம்.