கம்பி முடி நாயை மெசினால் வழிக்காதீர்கள்: வீட்டில் முடி எடுப்பவர்கள் விடும் பிழைகள்

திருகோணமலையில் கம்பி முடி நாய் வளர்ப்பவர்களை இப்போது ஆங்காங்கே காண முடிகிறது. மினியேச்சர் ஷ்னாவ்சர், வயர் ஃபாக்ஸ் டெரியர், எப்போதாவது கம்பி முடி டாக்ஸண்ட். குட்டியை விற்பவர் தடுப்பூசி அட்டையைக் கொடுப்பார், என்ன சாப்பாடு போடுவது என்று சொல்வார். முடியை என்ன செய்வது என்று சொல்லித்தர மாட்டார். சில மாதங்களில் முதுகு முடி கலைந்து பிரிந்து நிற்கும். அப்போதுதான் வீட்டுக்காரர் கத்தரிக்கோலைத் தேடுவார்.

நாங்களெல்லாம் தொடங்கிய காலத்தில் விட்ட பிழைகளையே புதிதாக வருகிறவர்களும் வரிசை மாறாமல் விடுவதைப் பார்க்கிறேன். காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது, நகத்தை ஒட்ட வெட்டக்கூடாது என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிட்டு, கம்பி முடிக்கென்றே உள்ள பிழைகளை மட்டும் எழுதுகிறேன். கம்பி முடியைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை, முதிர்ந்த முடியைக் கையால் உருவி எடுப்பதே முறை.

கம்பி முடிதானா என்று பார்க்காமல் தொடங்குவது

தாடியும் மீசையும் இருந்தால் கம்பி முடி என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஷிட்சூவுக்கும் தாடி உண்டு, ஆனால் அதன் முடியைக் கையால் உருவப் போனால் நாய்க்கு வலி மட்டும்தான் மிஞ்சும்.

நாய்களின் முடி வகைகளில் பெரும்பாலானவை மூன்று மரபணுக்களின் மாற்றங்களால் அமைகின்றன என்று 2009இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. தாடி, மீசை, தடித்த புருவம் மூன்றையும் தருவது ஆர்எஸ்பிஓ2 என்ற மரபணுவில் உள்ள மாற்றம். அது தனியாக இருந்தால் கம்பி முடி. நீள முடிக்குரிய எஃப்ஜிஎஃப்5 மாற்றமும் கூடச் சேர்ந்தால் தாடியோடு மென்மையான நீள முடி வரும். நம் ஊரில் கலப்பு நாய்கள் அதிகம் என்பதால் இதை மனதில் வைத்திருப்பது நல்லது.

வீட்டில் பார்க்க ஒரு வழி உண்டு. முதுகின் நடுவில் ஒரு கொத்து முடியை விரல்களுக்கு இடையில் உருட்டிப் பாருங்கள். தும்புத்தடியின் தும்பு போலச் சொரசொரத்து, அடியில் மெத்தென்ற இன்னொரு முடி தட்டுப்பட்டால் அது கம்பி முடி. மேலேயும் கீழேயும் ஒரே மென்மை என்றால் சீப்பும் கத்தரிக்கோலும் போதும், கீழே உள்ளவை உங்களுக்குத் தேவைப்படாது.

வெயிலுக்குப் பாவம் என்று வழித்து விடுவது

இத்தனை காலத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் வருவது இந்த ஒன்றில்தான். அன்பினால் செய்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் மற்றப் பிழைகளில் பலவற்றைச் சில கிழமைகளில் சரி செய்துவிடலாம், இதைச் சரி செய்ய ஒரு வருடம் போனாலும் போகும். சில நாய்களில் பழைய முடி முழுதாகத் திரும்புவதே இல்லை.

உப்புவெளிப் பக்கம் ஒரு தம்பி வளர்த்தது உப்பும் மிளகும் கலந்த நிறத்து ஷ்னாவ்சர். வடிவான நாய். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அக்கா, கச்சான் காத்துத் தொடங்கினவுடன வெயிலுக்குப் பாவம் எண்டு சலூன் மெசினால வழிச்சு விட்டனான். இப்ப முடி மெத்தெண்டு வருது, நிறமும் போட்டுது. மணமும் தாங்கேலாமல் கிடக்கு.”

முதுகில் கை வைத்தேன். மழை விட்டு வெகு நேரமாகியும் தோல் வரை ஈரம் நின்றது. அக்குளில் தோல் சிவந்து கசிந்திருந்தது. நாய் உட்கார்ந்த இடத்திலெல்லாம் பின்காலால் சொறிந்துகொண்டே இருந்தது.

என்ன நடந்தது என்றால், கம்பி முடி நாய்க்கு இரண்டு அடுக்கு முடி. மேலே கடினமான மேல்முடி, அடியில் அடர்ந்த உள்முடி. நரி வளைக்குள்ளும் முட்புதருக்குள்ளும் புகுந்து வேலை செய்யவென்று டெரியர்களை வளர்த்த காலத்திலிருந்து, மழையையும் சேற்றையும் தோலில் ஒட்டவிடாமல் காப்பது அந்த மேல்முடிதான். அது முதிர்ந்ததும் வேர் தளர்ந்துவிடும், ஆனால் எளிதில் தானாக உதிராது. அதை உருவி எடுத்தால் அதே துளையிலிருந்து புதிய கம்பி முடி எழும்பும். மெசினால் வழித்தால் முதிர்ந்த முடியின் அடிக்கட்டை தோலுக்குள்ளேயே நின்றுவிடும். உள்முடி மட்டும் தடையில்லாமல் வளர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஒரு முடியை உருவி வெள்ளைத்தாளில் வைத்துப் பாருங்கள். நுனிப்பக்கம் தடிப்பாகவும் நிறம் கூடியும் இருக்கும். வேர்ப்பக்கம் போகப்போக மெலிந்து வெளிறும். உப்பு மிளகு நிறத்து ஷ்னாவ்சரின் முடியில் கறுப்பும் வெளிறலும் பட்டை பட்டையாகவே தெரியும், அந்தப் பட்டைகள் சேர்ந்துதான் அந்த நிறம். வழிக்கும்போது நீங்கள் வெட்டி எறிவது தடிப்பும் நிறமும் உள்ள பகுதியை. நாயில் மிஞ்சுவது மெலிந்த வெளிறிய அடிப்பகுதி. அந்தத் தம்பியின் நாய் சாம்பல் பூத்து நின்றதற்குக் காரணம் வயது இல்லை, வெயிலும் இல்லை.

இனி வெயில் கணக்கைப் பார்ப்போம். வைகாசி தொடங்கி ஆவணி வரை இங்கே கச்சான் அனலாக வீசும்போது நாய்க்குப் புழுக்கம் இருக்கும், அது உண்மை. அந்தப் புழுக்கத்தைக் கூட்டுவது உதிராமல் அடைந்து கிடக்கும் பழைய முடியும் உள்முடியும்தான், அதற்குள் காற்றுப் போகாது. நாய் மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர்வதும் இல்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. தோல் தெரிய வழித்தால் நேர் வெயில் தோலில் விழும், வெள்ளை நாய் என்றால் தோல் வெந்தே போகும். முடியைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் உருவிக் குறையுங்கள். முதிர்ந்த மேல்முடி முழுவதையும் எடுத்த நாயும் குட்டை முடியோடுதான் நிற்கும், பாரமும் குறையும். மாசி, பங்குனியில் அந்த வேலையை முடித்தால் இரண்டு மூன்று மாதங்களில் கச்சான் வரும்போது புதிய மேல்முடி அளவாக வந்திருக்கும். ஆவணிக் கடைசியில் இன்னொரு முறை எடுத்தால், வடகீழ்ப் பருவமழை வருவதற்குள் மழை தாங்கும் முடி தயார். இந்த ஊர்க் காலநிலைக்கு வருடத்தில் இரண்டு முறை எடுப்பது அவ்வளவு பொருத்தம்.

ஏற்கெனவே வழித்துவிட்டீர்கள் என்றால் மீண்டும் மெசினைத் தொடாதீர்கள், முதலில் அதுதான். கிழமைக்கு இரண்டு முறை நெருக்கமான பல் உள்ள சீப்பால் உள்முடியை வாரி எடுங்கள். அங்கொன்று இங்கொன்றாகச் சொரசொரப்பான முடி தலைகாட்டும். அது முதிரும் வரை விட்டு, பிறகு உருவுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாகக் கம்பி முடி வரும். பொறுமை வேண்டும். அந்தத் தம்பி இப்போதும் வாரிக்கொண்டுதான் இருக்கிறார், தோள்ப் பக்கம் நிறம் திரும்பத் தொடங்கியிருக்கிறது.

மெசின் சரியாகப் போகும் நாய்களும் உண்டு. வயதுபோய் நிற்கவே சிரமப்படும் நாய், தோல் நோயுள்ள நாய், கருத்தடை செய்த பிறகு முடி கம்பளியாகி உருவ வராத நாய். அவற்றைப் பிடித்து வைத்து உருவுவது கொடுமை. அந்த நாய்களுக்குத் தாராளமாக மெசின் போடுங்கள், அலகு சூடாகிறதா என்று மட்டும் அடிக்கடி உங்கள் கையில் வைத்துப் பாருங்கள்.

குளிப்பாட்டிவிட்டு உருவ உட்காருவது

சுத்தமான முடி வழுக்கும், விரலில் பிடிபடாது. பிடிபடாததால் இறுக்கி இழுப்பீர்கள், நாய் துள்ளும், அடுத்த முறை சீப்பைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். குளிப்பாட்டிப் பல நாட்கள் ஆன, கொஞ்சம் அழுக்கான முடிதான் உருவ வசதி. விரலில் சோக்குப் பொடி தடவிக்கொள்ளுங்கள், அல்லது பார்மசியில் கிடைக்கும் ரப்பர் விரலுறையைப் போடுங்கள்.

ஒரு கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். மறுகையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒரு சில முடிகளை மட்டும் நுனிப்பக்கமாகப் பிடித்து, முடி படிந்திருக்கும் திசையிலேயே நேராக இழுக்க வேண்டும். முதிர்ந்த முடி சிரமமில்லாமல் கையோடு வரும், அதன் அடியில் உலர்ந்த வெள்ளைப் பொட்டு இருக்கும். நாய் திரும்பிப் பார்த்தாலோ, தோல் கூடவே எழும்பினாலோ, வேரில் ஈரமோ இரத்தமோ தெரிந்தாலோ அது முதிராத முடி. இரண்டு மூன்று கிழமை விட்டுவிட்டுப் பாருங்கள்.

ஸ்ட்ரிப்பிங் கத்தியால் வெட்டுவது

பெயரில் கத்தி இருப்பதால் புதியவர்கள் அதை அரிவதற்கு என்று நினைக்கிறார்கள். முடியைப் பிடிக்க விரலுக்குத் துணையாக இருக்கும் பல்வரிசை அது. முடி பெருவிரலுக்கும் கத்திக்கும் நடுவே அகப்பட்டதும் கை முழுவதும் சேர்ந்து பின்னால் போக வேண்டும். மணிக்கட்டைத் திருப்பினால் போச்சு, முடி அறுந்துவிடும். புதுக் கத்தியின் பல் பெரும்பாலும் கூராக இருக்கும், கல்லில் தேய்த்து மழுக்கிய பிறகே நாயில் வையுங்கள். கீழே விழுந்த முடியைப் பொறுக்கிப் பாருங்கள். அடியில் வெள்ளைப் பொட்டு இல்லாமல் நறுக்கென்று நின்றால் நீங்கள் வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மெசினால் வழித்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

ஒரே நாளில் முடிக்க நினைப்பது

நாய்க்குப் பொறுமை இருப்பது அரை மணித்தியாலம். இன்று முதுகு, நாளை மறுநாள் விலா, அடுத்த கிழமை கழுத்தும் தொடையும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பழகியவர்கள் இரண்டு கிழமைக்கு ஒரு முறை முதிர்ந்ததை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவருவார்கள். அப்படிச் செய்தால் நாயில் எப்போதும் புதியது, வளர்வது, முதிர்ந்தது என்று மூன்று பருவத்து முடியும் இருக்கும், ஒரு நாளும் வெறித்து நிற்காது. எனக்குப் பிடித்த முறை அதுதான்.

வயிற்றடி, கவட்டுப் பகுதி, தொண்டை

தோல் மெல்லியது. உருவவே கூடாது, முனை மழுங்கிய கத்தரிக்கோல் போதும்.

முடிக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது

வேண்டாம்.

கடலில் விட்டுவிட்டுத் துவாயால் துடைப்பது

டச்சுப்பே கடற்கரையிலோ உப்புவெளியிலோ நாயைக் கடலில் விளையாட விடுவது நல்லது, தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் மேலே துடைத்துவிட்டால் உப்பும் மணலும் உள்முடிக்குள் தங்கி அரிக்கும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் அலசி என்ன பயன்? குழாய்த் தண்ணீரால் அலசுங்கள், முடி தோல் வரை பிரியும்படி விரலை விட்டு அலசுங்கள். சவர்க்காரம் ஒவ்வொரு முறையும் தேவையில்லை.

பற்றை ஓரமாக நடந்து வந்தால் கால் முடியில் நாயுருவி விதை கொத்தாக ஏறியிருக்கும். அதை அன்றே எடுங்கள். விரலிடுக்கில் தங்கியது தோலைத் துளைத்து உள்ளே போனால் நாய் நொண்டத் தொடங்கும், முடிக்குள் மறைந்திருப்பதால் காரணமும் தெரியாது.

தாடியை ஈரமாக விடுவது

சோறும் மீன்கறியும் சாப்பிட்ட தாடி, தண்ணீர் குடித்த தாடி, இரண்டும் நாள் முழுக்க ஈரம். இந்தப் புழுக்கத்தில் அடியில் பூஞ்சை பிடித்துச் செம்பட்டையாகி நாறும். சாப்பாட்டுக்குப் பிறகு நனைத்துத் துடைத்து, அடியிலிருந்து மேலாக வாருங்கள். நாறுகிறது என்று தாடியையே வெட்டி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு துவாயும் இரண்டு நிமிடமும் கொடுத்தால் தீரும் விஷயம்.

உருவிய அன்றே உண்ணி மருந்து

முடி எடுத்த துளைகள் ஆறுவதற்குள் கழுத்தில் விடும் சொட்டு மருந்தை விட்டால் தோல் எரியும். மூன்று நான்கு நாள் பொறுங்கள். குளிப்பாட்டுவதற்கும் அதே கணக்கு.

உண்ணி தேட உருவும் நேரத்தைவிட வசதியான நேரம் கிடையாது. காது மடிப்பு, கழுத்துப் பட்டியின் அடி, விரலிடுக்கு, வால் அடி எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். அகப்பட்டதைத் தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுங்கள், நசுக்க வேண்டாம், எண்ணெய் ஊற்றவும் வேண்டாம். பபீசியா, எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சல்கள் இரண்டும் இலங்கையில் உண்டு. ஈறு வெளுத்து, உடம்பு சுட்டு, நாய் சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்காவிட்டால் முடி வேலையை அப்படியே நிறுத்துங்கள். அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோய், இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.